ஒரே கோப்பு, இரண்டு நட்சத்திரம்

ஆனி மாதக் கடைசி நாள் காலையில், உரும்பிராய்ச் சந்திக்குப் பக்கத்தில் இருக்கும் என் கணினித் திருத்தகத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் பண்டத்தரிப்புத் தேவராசா அண்ணை. கலியாணத் தரகர். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்தவள் தயாளினி, எங்கள் பக்கத்து விவசாயப் போதனாசிரியை. அவரைக் கழுத்தில் பிடித்துத் தள்ளாத குறையாக வந்தாள்.

"பிள்ளை உதயகலா, உதை ஒருக்காப் பாரும். உது பொய் சொல்லுது" என்றார் அண்ணை.

"கணினி பொய் சொல்லாது அண்ணை."

"அப்ப இவர்தான் சொல்லுறார்" என்றாள் தயாளினி.

தன் கைபேசியில் இரண்டு படங்களைக் காட்டினாள். இரண்டும் அவர் அனுப்பிய பொருத்தத் தாள்கள். உரும்பிராயில் அவள் வீட்டுக்கு வந்த தாளில் 'ரச்சு உண்டு, செய்யலாம்' என்று இருந்தது. அன்றைக்கே நீர்வேலியில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன தாளில், அடியில் தடித்த எழுத்தில், 'ரச்சு இல்லை'. பெண் அதே தயாளினி. மாப்பிள்ளை அதே பார்த்தீபன். பிறந்த நேரமும் அதே. இரண்டும் ஒரே எக்செல் கோப்பிலிருந்து எடுத்தவை.

பொருத்தங்கள் பத்து. மற்ற ஒன்பதில் குறை இருந்தால் ஆட்கள் கொஞ்சம் வளைந்து கொடுப்பார்கள். ரச்சுப் பொருத்தத்தில் வளைய மாட்டார்கள். நட்சத்திரங்களை ஐந்து கூட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே கூட்டத்தில் விழுந்தால் தாலிக்கு ஆகாது என்பது நம்பிக்கை. 'ரச்சு இல்லை' என்ற இரண்டு சொல்லைக் கண்டால் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

"அக்கா, நானும் பார்த்தீபனும் விரும்பித்தான் கேட்டனாங்கள்" என்றாள் தயாளினி. "அவன்ரை தோட்டத்திலை வாழைக்கு வந்த நோய் பாக்கப் போய் வந்த பழக்கம். அவன்ரை அம்மா கனகாம்பிகை அன்ரி ஓமெண்டவ. ஆனால் பொருத்தம் இல்லாமல் ஒரு பிள்ளையும் தன்ரை படி ஏறேலாதாம். நாளைக்கு ஆடி பிறக்குது. ஆடியிலை கலியாணக் கதை எடுக்கமாட்டா. ஆவணி வந்தால் சாவகச்சேரியிலை வேறை ஒரு இடம் பாத்து வைச்சிருக்கிறா. இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ளை எனக்குச் சரியான தாள் வேணும்."

"அண்ணை, அண்மையிலை இதிலை என்ன மாத்தினனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் மாத்தேல்லை."

என் தொழிலில் நான் அதிகம் கேட்ட வசனம் அது. ஒருநாளும் உண்மையாக இருந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கேட்டுத் தொலைக்கிறேன்.

கோப்பை இரண்டு தரம் தட்டினேன். கோப்பு வரவில்லை. ஒரு சின்னப் பெட்டி வந்தது. மென்பொருள் தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறது, பொறுத்திரு என்று சொன்னது. கீழே பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்தது. பாதி வழி போய் நின்றது. பிறகு பின்னால் போய் முதலிலிருந்து ஊர்ந்தது.

"உது எப்பவும் உப்பிடித்தான். தேத்தண்ணி குடிச்சுப் போட்டு வர முடிஞ்சிடும்" என்றார் அண்ணை.

கடைசியில் திறந்தது எக்செல் 2003. மாப்பிள்ளைக்குச் சித்திரை நட்சத்திரம், பெண்ணுக்குத் திருவோணம். ரச்சு உண்டு. மூடிவிட்டு, முகப்பில் இருந்த இன்னொரு பச்சை எக்ஸ் படத்தை அழுத்தினேன். மறுபடி அதே பெட்டி, அதே கோடு. இந்த முறை திறந்தது எக்செல் 2010. அதே கோப்பை அதில் எடுத்தேன். பெண்ணுக்குத் திருவோணம்தான். மாப்பிள்ளைக்கு அத்தம். ரச்சு இல்லை.

"பாத்தீரே? நான் பொய்யே சொன்னனான்?" என்று அண்ணை தயாளினியைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"அண்ணை, ஏன் ரெண்டு எக்செல் கிடக்கு?"

"ஒண்டு பழசு, ஒண்டு புதுசு."

"அது தெரியுது. ஏன் ரெண்டு?"

"ரெண்டும் தேவை."

எனக்கு இப்படியான இடங்களில் விளங்கப்படுத்தாமல் இருக்க முடியாது. ஒரு தாளை எடுத்து இரண்டு பெட்டி கீறினேன். கோப்பு ஒன்றை இரண்டு தரம் தட்டினால் விண்டோஸ் உள்ளே ஒரு பதிவைப் பார்க்கிறது: இந்த வகைக் கோப்பைத் திறக்க வேண்டியவர் யார்? அதில் ஒரு பெயருக்குத்தான் இடம். ஒரே கடைக்கு இரண்டு பேர் உரிமை கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையவர் வந்தால் புதியவரின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டுகிறார். புதியவர் வந்தால் அதைக் கழற்றித் தன்னுடையதை மாட்டுகிறார். அந்தக் கழற்றுகிற, மாட்டுகிற நேரம்தான் பச்சைக் கோடு ஊருகிற நேரம். யார் கடைசியாக வந்து போனாரோ அவர் கையில்தான் அடுத்த கோப்பு போகும்.

"விளங்குதா அண்ணை?"

"விளங்குது பிள்ளை. திருத்தும்."

விளங்கவில்லை.

உண்மையில் எனக்கும் முழுக்க விளங்கவில்லை. எந்தப் பதிப்பு திறக்கிறது என்பது ஒரு பிரச்சினை. ஆனால் எந்தப் பதிப்பு திறந்தாலும் கூட்டலும் பெருக்கலும் ஒன்றுதானே? ஏழு வருடம் பிந்திய எக்செல், ஒருவன் பிறந்த நட்சத்திரத்தை ஏன் மாற்ற வேண்டும்?

முதலில் நேரத்தைச் சந்தேகித்தேன். தொண்ணூற்றாறில் இலங்கை நேரத்தை முன்னே தள்ளினார்கள், பிறகு பத்து வருடம் கழித்துப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். அந்தப் பத்து வருடத்துக்குள் பிறந்தவர்களின் சாதகக் குறிப்பில் இன்றைக்கும் பழைய நேரமா புதிய நேரமா என்று சண்டை வரும். ஆர்வத்தோடு பார்த்தேன். பார்த்தீபன் பிறந்தது எண்பத்தெட்டில். அந்தக் குழப்பத்துக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அரை மணி நேரம் போனதுதான் மிச்சம்.

பிறகு, இனி இந்தக் கோப்புகளைப் புதியதில் மட்டும் திற என்று விண்டோஸுக்குச் சொல்லி வைத்தேன். சோதித்தேன். சரி. அடுத்த நிமிடம் அண்ணை என் தோளுக்கு மேலால் கையை நீட்டிப் பழையதின் படத்தை அழுத்தினார்.

"ஏன் அண்ணை அழுத்தினனீங்கள்?"

"வேலை செய்யுதோ எண்டு பாத்தனான்."

வேலை செய்தது. பச்சைக் கோடு ஊர்ந்தது. பெயர்ப்பலகை திரும்பப் பழையவரிடம் போனது.

"ஐயா, கையைக் கட்டிக்கொண்டு இருங்கோவன்" என்றாள் தயாளினி. "வெங்காயச் செய்கைக்கு மருந்தடிச்ச உடனை கிண்டிப் பாக்கிற ஆக்களுக்குச் சொல்லுறதைத்தான் உங்களுக்கும் சொல்ல வேண்டிக் கிடக்கு."

அவர் கையைக் கட்டிக்கொண்டார். கறண்ட் போனது. மடிக்கணினியின் பற்றரி எப்போதோ செத்துவிட்டதாம். கறண்டோடு திரையும் போனது. மூன்று பேரும் விசிறி நின்ற கடைக்குள் வேர்த்துக்கொண்டிருந்தோம். கனகாம்பிகையிடமிருந்து தயாளினிக்கு ஒரு செய்தி வந்தது. அவள் வாசித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னவாம்?"

"சாவகச்சேரியாருக்கு நாளைக்கு ஆடிக்கூழ் கொண்டு போகப் போறாவாம். சும்மா பழக்கத்துக்காம்."

கறண்ட் வந்தபோது நான் இலக்கங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். நட்சத்திரப் பெயர் இருந்த கட்டத்தின் மேல் போய், அதற்குள் என்ன சூத்திரம் இருக்கிறது என்று பார்த்தேன். காலையில் முதல் வேலையாகச் செய்திருக்க வேண்டியது. கூட்டலும் இல்லை, பெருக்கலும் இல்லை. நட்சம் என்று ஒரு சொல், அடைப்புக்குள் பிறந்த திகதி, நேரம், இடம். அவ்வளவுதான்.

நட்சம் என்று எக்செலுக்குச் சொந்தமாக ஒன்றும் கிடையாது. அப்படியானால் யாரோ எழுதி எக்செலோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஆட்-இன் என்பார்கள்; பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற சிறு நிரல். இங்கேதான் எனக்குப் பிடித்த விசயம் இருக்கிறது. இரண்டு எக்செல் ஒரே கணினியில் குடியிருந்தாலும், ஆட்-இன்களுக்கு இரண்டும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கும். ஆளுக்கொரு தனிக் கோப்புறையும் உண்டு. குசினி வேறு, சட்டி பானை வேறு.

பழையதின் கோப்புறையைத் திறந்தேன். நட்சம் என்ற பெயரில் ஒன்று இருந்தது. புதியதின் கோப்புறையிலும் நட்சம் என்ற பெயரில் ஒன்று இருந்தது. பெயர் ஒன்று. பருமன் வேறு வேறு.

"அண்ணை, உந்த நட்சம் ஆர் எழுதினது?"

"சுபாஸ்கரன் மாஸ்ரர். கணக்குப் படிப்பிச்சவர். இப்ப கனடாவிலை."

"ஏன் ரெண்டு விதமாய் எழுதினவர்?"

அண்ணை என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஒண்டு வாக்கியம். மற்றது திருக்கணிதம்."

நான் சுட்டியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"உதை ஏன் காலமை சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே."

அதன் பிறகுதான் முழுக் கதையும் வந்தது. யாழ்ப்பாணத்தில் சைவ வீடுகள் இரண்டு பஞ்சாங்கத்துக்குள் பிரிந்து கிடக்கின்றன. வாக்கியம், முன்னோர் வசனமாகச் செய்து வைத்த பழைய கணக்கில் சந்திரன் நடக்கும் பஞ்சாங்கம். திருக்கணிதம், வானத்தில் சந்திரன் உண்மையில் நிற்கும் இடத்துக்குத் திருத்திய பஞ்சாங்கம். இரண்டுக்கும் இடையில் சில நாட்களில் சில மணி நேரம் வித்தியாசம் வரும். வருடப்பிறப்பு நேரத்திலேயே சேராதவர்கள் நட்சத்திரத்தில் சேருவார்களா? ஆனபடியால் தேவராசா அண்ணை தன் மேசையில் இரண்டு கணினி வைத்திருந்தார். இடப் பக்கத்தில் இருந்தது வாக்கிய வீட்டாருக்கு, எக்செல் 2003. வலப் பக்கத்தில் இருந்தது திருக்கணித வீட்டாருக்கு, எக்செல் 2010. ஒரே கோப்பு இரண்டிலும் ஓட வேண்டும் என்பதற்காக மாஸ்ரர் இரண்டு நிரலுக்கும் ஒரே பெயரை வைத்தார். அது கெட்டித்தனமான வேலை. இரண்டு மேசைக்கணினியும் தனித்தனியாக இருக்கும் வரைக்கும்.

போன மாதம் இடி விழுந்து இரண்டும் எரிந்துபோயின. அண்ணை மடிக்கணினி ஒன்று வாங்கி, யாரிடமோ கொடுத்து, இரண்டு எக்செலையும் அதற்குள் ஏற்றுவித்தார்.

"அப்ப எந்த வீட்டுக்கு எது எண்டு என்னெண்டு பிரிக்கிறனீங்கள்?"

"நான் ஏன் பிரிக்கோணும்? பைலுக்குத் தெரியுந்தானே. வாக்கியக்காரரின்ரை பேரைப் போட்டால் வாக்கியத்திலை திறக்கும்."

நான் மேசையில் தலையை வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, இன்னொரு தாளை எடுத்தேன்.

"அண்ணை, பைலுக்கு ஒண்டும் தெரியாது. 'நட்சத்தாரைக் கேள்' எண்டு மட்டுந்தான் அதுக்குள்ளை எழுதிக் கிடக்கு. எந்த வீட்டு நட்சத்தார் எண்டு எழுதேல்லை. பழைய வீட்டுக் கதவைத் தட்டினால் வாக்கிய நட்சத்தார் வந்து பதில் சொல்லுவார். புது வீட்டைத் தட்டினால் திருக்கணித நட்சத்தார். அதுக்குள்ளை இன்னுமொண்டு இருக்கு. பழைய எக்செலிலை சேமிச்சதைப் புதுசிலை திறந்தால், புதுசு எல்லாக் கட்டத்தையும் தானாய்த் திருப்பிக் கணக்குப் பாக்கும். நீங்கள் ஒண்டிலையும் கை வைக்கத் தேவையில்லை. திறந்தாலே காணும், பெடியன்ரை நட்சத்திரம் மாறிடும்."

இந்த முறை அவருக்கு விளங்கியது. "அப்ப போன மாசம் முழுக்க நான் அனுப்பின தாள்..."

"அதைப் பேந்து பாப்பம் ஐயா" என்றாள் தயாளினி. "என்ரை தாளைச் சொல்லுங்கோ. ரெண்டிலை எது சரி?"

இரண்டும் சரி. அதுதான் சங்கடம். பார்த்தீபன் பிறந்த நேரம் அத்தமும் சித்திரையும் சந்திக்கும் எல்லையில் விழுந்திருந்தது. திருக்கணிதப்படி அவன் பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் அத்தம் முடிகிறது. வாக்கியப்படி அவன் பிறக்கும்போது அத்தம் போய்ச் சித்திரை வந்துவிட்டது. அத்தமும் அவளுடைய திருவோணமும் ஒரே ரச்சு. சித்திரை வேறு ரச்சு.

"பார்த்தீபன் வீடு எந்தப் பஞ்சாங்கம் ஐயா?" என்று தயாளினி கேட்டாள்.

அண்ணை தயங்கினார். "திருக்கணிதம், பிள்ளை."

"அப்ப 'ரச்சு இல்லை'தான் அவைக்குச் சரியான தாள்" என்றாள்.

காலையிலிருந்து நான் தேடிய பிழை கிடைத்துவிட்டது. மற்ற நாள் என்றால் எழுந்து ஒரு சோடா வாங்கிக் குடித்திருப்பேன். இன்றைக்கு நான் திருத்தத் திருத்த இவளுடைய கலியாணம் உடைந்துகொண்டு போனது. கணினியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த வரைக்குமாவது அவளுக்கு ஒரு இடைவெளி இருந்தது.

தயாளினி கைபேசியை எடுத்தாள், வைத்தாள். பிறகு யோசனையோடு சொன்னாள்: "ஆனால் அக்கா, அவன் தன்னைச் சித்திரை எண்டுதானே சொல்லுறவன். மாசத்திலை ஒரு நாள், சித்திரையெண்டு தாய் மீன் இறைச்சி குடுக்கமாட்டா. கடையிலை கொத்துரொட்டி வாங்கி முன்னாலை வைச்சாலும் தொடான். எத்தினை தரம் நான் தனியச் சாப்பிட்டனான்."

"குறிப்பிலை சித்திரையெண்டு இருந்திருக்கும்" என்றார் அண்ணை. "அந்தக் குறிப்புத் தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்விலை துலைஞ்சு போட்டுது. பிறந்த நேரம் மட்டும் தாய்க்கு மனப்பாடம். அதைத்தான் எனக்குத் தந்தவ."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தயாளினி அதற்குள் இலக்கத்தை அழுத்திவிட்டாள். கைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

"அன்ரி, நான் தயாளினி."

"சொல்லு பிள்ளை. நான் என்ன செய்யிறது? தாளிலை ரச்சு இல்லையெண்டு கிடக்கு. எனக்கு மட்டும் ஆசையே?"

"அது சரி அன்ரி. உங்கடை மோனுக்கு என்ன நட்சத்திரம்?"

"இதென்ன கேள்வி? சித்திரை. கன்னி ராசி. வரியா வரியம் பிறந்த நாளண்டு அர்ச்சனை செய்யிறனான்."

"அந்தத் தாளிலை மேலை, பேருக்குப் பக்கத்திலை என்ன இருக்கு எண்டு ஒருக்காப் பாருங்கோ."

கண்ணாடி தேடும் சத்தம், லாச்சி இழுபடும் சத்தம். பிறகு, "அத்தமெண்டு கிடக்கு. ஆர் உதை அடிச்சது? தேவராசாவோ? அந்தாள் உதிலை நிக்குதே?"

அண்ணை கடைக் கதவைப் பார்த்தார். தயாளினி கதிரையை நகர்த்தி வழியை மறித்தாள்.

"நிக்கிறன் தங்கச்சி" என்றார். "திருக்கணிதப்படி அத்தந்தான் வருது. வாக்கியப்படி பாத்தால் சித்திரை. நீங்கள் திருக்கணிதமெண்டு..."

"இப்பத்தானே திருக்கணிதம்! எங்கடை கோயிலுக்கு இப்பத்தை ஐயர் வந்தாப்பிறகுதான். அவன் பிறக்கேக்கை நாங்கள் வாக்கியம். குறிப்பும் வாக்கியத்திலை எழுதினது." குரல் உயர்ந்துகொண்டு போனது. "அவன் அத்தமெண்டால், முப்பத்தாறு வரியமாய் நான் சித்திரைக்குச் செய்த அர்ச்சனை ஆருக்குப் போனது? பக்கத்து வீட்டுப் பெடியனுக்கோ? அவனுக்கு நெருப்புக் காய்ச்சல் வரேக்கை சித்திரைக்கெல்லே நேர்த்தி வைச்சனான். காய்ச்சல் மாறினது! மெய்யே தேவராசா, என்ரை பிள்ளையின்ரை நட்சத்திரத்தை மாத்துறதுக்கு நீர் ஆர்?"

"நான் மாத்தேல்லை தங்கச்சி, உந்த மிசின்..."

"அப்ப மிசின் பிழை. உதைத் திருத்திப் போட்டு வேறை தாள் அனுப்பும். கெதியாய். நாளைக்கு ஆடி."

"பிழையில்லை அன்ரி" என்று நான் தொடங்கினேன். "அதிலை என்னெண்டால், ரெண்டு பதிப்பும் தனித்தனியா..."

மேசைக்குக் கீழே என் காலில் ஒரு உதை விழுந்தது. "அக்கா, விளங்கப்படுத்தாதேங்கோ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் தயாளினி. கைபேசியை எடுத்து, "இப்ப அனுப்பிறம் அன்ரி" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. கணினி பிழை விடவில்லை. வானமும் பிழை விடவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் கனகாம்பிகை சொன்னதில் நியாயம் இருந்தது. எழுதிய பதிப்பில் திறந்தால்தான் எதையும் ஒழுங்காக வாசிக்கலாம். அதைத்தானே நானும் காலையிலிருந்து தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன்?

வேலையைத் தொடங்கினேன். திறக்கும்போதெல்லாம் பெயர்ப்பலகையைக் கழற்றி மாட்ட வேண்டாம் என்று இரண்டு எக்செலுக்கும் உள்ளே சொல்லி வைத்தேன். முகப்பில் இருந்த படங்களை அழித்துவிட்டு இரண்டு புதிய படங்கள் போட்டேன். ஒன்று கோப்பைப் பழையதில் மட்டும் திறக்கும். அதற்குப் பெயர் வாக்கியம். மற்றது புதியதில் மட்டும் திறக்கும். அதற்குப் பெயர் திருக்கணிதம். பிறகு மாஸ்ரரின் இரண்டு நிரலுக்குள்ளும் ஒரு வரி சேர்த்தேன்: உன்னிடம் யாராவது கேட்டால் உன் பஞ்சாங்கத்தின் பெயரையும் சொல்லு. அந்தப் பெயர் தாளின் தலைப்பில் வரும்படி செய்தேன்.

"உது என்னத்துக்கு? ஆக்கள் கேள்வி கேப்பினம்" என்றார் அண்ணை.

"கேக்கட்டும். பேர் இல்லாமல் என்ரை கடையிலையிருந்து தாள் போகாது."

வாக்கியம் என்ற படத்தை அழுத்தினேன். பெட்டி வரவில்லை. பச்சைக் கோடு ஊரவில்லை. கோப்பு நேரே திறந்தது. ஒன்றும் வராமல் ஒன்று திறக்கிற அழகைப் பார்க்க அந்தக் கடையில் என்னைத் தவிர ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. கட்டங்களைத் திருப்பிக் கணக்குப் பார்க்கச் சொன்னேன். தலைப்பில் 'வாக்கிய பஞ்சாங்கப்படி'. பார்த்தீபன், சித்திரை. தயாளினி, திருவோணம். ரச்சு உண்டு.

தாள் நீர்வேலிக்குப் போனது. சோடா வாங்கி வந்து மூன்றாகப் பிரித்துக் குடித்து முடிக்கும்போது கனகாம்பிகையின் குரற்செய்தி வந்தது.

"ஓம், இப்ப சரி. வாக்கியமெண்டு மேலை போட்டிருக்கு, அதுதான் முறை. பாத்தீங்களே, திருத்தினாப்பிறகு மிசின் ஒழுங்காச் சொல்லுது. பிள்ளை, நாளைக்குக் கூழ் காய்ச்சுறன், ஒரு தூக்குச்சட்டி கொண்டு வந்து எடு. கதைக்கிறதை ஆவணியிலை கதைப்பம். நாளும் அப்ப வைப்பம்."

தயாளினி அதை இரண்டாம் முறையும் போட்டுக் கேட்டாள். முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். மிசின் முதலிலும் ஒழுங்காகத்தான் சொன்னது என்று சொல்ல எனக்கு நாக்குத் துடித்தது. அவள் காலைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

"அதுசரி" என்றார் தேவராசா அண்ணை, சோடாக் குவளையை வைத்துவிட்டு. "கலியாண நாளை எந்தப் பஞ்சாங்கத்திலை வைக்கிறது? கோயில் இப்ப திருக்கணிதமெல்லே. பொறும், ரெண்டிலையும் ஒருக்காப் பாப்பம்."

முகப்பில் இருந்த இரண்டு படங்களையும் விட்டுவிட்டு, பழைய பழக்கத்தில் கோப்பையே நேராக இரண்டு தரம் தட்டப் போனார். முதல் தட்டு விழுந்துவிட்டது. இரண்டாவது விழுவதற்கு முன் தயாளினி அவர் கையைப் பிடித்துவிட்டாள்.